அத்தை மகள் என்று போடவும்

சிங்கைத் தமிழ்த் திரைச்சுவைஞர் பேரவை ஒரு படத்தைத் திரையிடுவதென்றால் முதலில் குத்துவிளக்கு. அப்புறம் தமிழ்த்தாய் வாழ்த்து. அப்புறம் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை. இத்தனைக்கும் பிறகு நேரமிருந்தால் படம். நேரம் போதாத ஆண்டுகளில் முதல் பாதியை மட்டும் ஓட்டிவிட்டு, மீதிக் கதையைத் தலைவர் சேதுபதியே ஒலிபெருக்கியில் சொல்லி முடித்துவிடுவார். சில படங்கள் அவர் சொன்ன விதத்தில் அசலைவிட நன்றாக இருந்தன என்பதையும் மறைக்கக்கூடாது.

இந்த ஆண்டு இத்தாலியப் படம் என்று முடிவானது. பேரவை உலகத் தரத்துக்கு உயரப்போகிறது என்று சேதுபதி யாரோ ஒருவருடைய மணிவிழா மேடையில் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு உயராமல் இருக்க முடியாதல்லவா.

தேர்ந்தெடுத்த படம் எழுபதுகளில் எடுத்தது. ‘நூலாலைச் சங்கு’ என்று தமிழில் பெயர் வைத்துக்கொண்டார்கள். அட்டையில் இரண்டு பெண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு ஆலை வாசலில் நின்றார்கள். “உழைக்கும் மகளிர்” என்றார் சேதுபதி. அத்தோடு தேர்வுக்குழு கலைந்து தேநீருக்குப் போய்விட்டது. படத்தை யாரும் பார்க்கவில்லை. வயது வரம்போடு அரசாங்க அனுமதியும் வந்தது. பேரவைப் பார்வையாளர்களில் பாதிப் பேருக்கு அந்த வயது மூன்று முறை முடிந்திருந்ததால் அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

தமிழில் சப்டைட்டில் எழுதும் பொறுப்பு முத்துராமனிடம் வந்தது. கப்பல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்; அந்தக் காலத்தில் ஜெனோவா துறைமுகத்தில் சில வருஷம் கிடந்தவர். அவருடைய இத்தாலி மொழி எந்திர உதிரிப்பாகங்களிலும் வசவிலும் மட்டும் வலுவானது. அன்பான பேச்சு வந்தால் ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்துக்கொள்வார்.

தஞ்சோங் பகார் வீட்டில், மனைவி இறந்த பிறகு சாப்பாட்டு மேசையே எழுத்து மேசையாகிவிட்டிருந்தது. அதில் கணினியை வைத்துக்கொண்டு படத்தைப் போட்டவர் அரை மணி நேரத்தில் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். எதிர்வீட்டுக்காரருக்கு இத்தாலி மொழி தெரிய வாய்ப்பில்லைதான். இருந்தாலும் சாத்தினார்.

மார்த்தா, எல்வீரா என்ற அந்த இரண்டு பெண்களும் ஆலையில் வேலைநிறுத்தம் நடத்துகிறார்கள். நடத்தும்போதே ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள். முதலாளி அவர்களைத் துரத்தப் பார்க்கிறான். கட்சித் தோழர் புரூனோ அவனைவிடக் கெட்டிக்காரர்: புரட்சி முடியட்டும், பெண்கள் விவகாரத்தைப் பிறகு பார்க்கலாம், இப்போதைக்குக் காப்பி போடுங்கள் என்கிறார். கடைசியில் மார்த்தாவைக் கட்சியின் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றி, ரயிலேற்றி விடுகிறார்கள். எல்வீராவின் அப்பா ஆலை வாயிற்காவலர். எல்லாம் தெரிந்தவர். படம் முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை.

முத்துராமனுக்கும் ஒரே மகள்தான், ரக்ஷனா. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு காப்பிக்கடையில் அவரை உட்காரவைத்து, தானும் கண்மணியும் வெறும் தோழிகள் இல்லை, சேர்ந்து வாழப்போகிறோம் என்று சொன்னாள். தமிழில்தான் சொன்னாள். முத்துராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரிம்மா, மழை வர்ற மாதிரி இருக்கு” என்றார். அதைத்தவிர அந்த விஷயத்தைப் பற்றி அவர் இன்றுவரை வேறெதுவும் சொன்னதில்லை.

மற்றவர்களிடம் சொன்னது உண்டு. கல்யாணமாகாதவர்கள் அரசாங்க அடுக்குமாடி வீடு வாங்க வேண்டிய முப்பத்தைந்து வயது முடிந்து, இருவரும் சேர்ந்து பாசிர் ரிஸ்ஸில் வீடு வாங்கிப் பால் காய்ச்சியபோது, உறவுக்காரர்கள் கேட்பதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் போய், “கண்மணி, ரூம்மேட். ரெண்டு பேருக்கும் செலவு மிச்சம் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார். கேட்காதவர்களிடமும் சொன்னார். அந்த வகையில், பேரவை வேலை கொடுப்பதற்கு முன்பே அவர் சப்டைட்டில் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

படத்தின் விளம்பரம் வெளியானதும் ரக்ஷனா தொலைபேசியில் அழைத்தாள்.

“அப்பா! அந்தப் படத்துக்கு நீங்களா சப்டைட்டில்? நான் ரிவ்யூ படிச்சேன். ரெண்டு பொண்ணுங்க கதை தெரியுமா?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சேவா எடுத்துக்கிட்டீங்க?” அவள் குரல் உயர்ந்தது. “ஐம் சோ ப்ரவுட் லா, அப்பா. நானும் கண்மணியும் கண்டிப்பா வர்றோம். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

தனக்கு இந்தப் படத்தை ஒதுக்கியது பேரவை, அதுவும் வேறு ஆள் கிடைக்காமல், என்று சொல்லலாமா என்று முத்துராமன் யோசித்தார். “சரிம்மா” என்றார்.

முதல் வரைவில் உள்ளதை உள்ளபடியே எழுதினார். எல்வீரா சொல்லும் ஒரு வசனம் அவரைத் தொல்லை செய்தது: ‘நீ இல்லாத வீட்டில் என் பெயர்கூட எனக்கு மறந்துபோகிறது.’ அதைத் தமிழில் எழுதிவிட்டு அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இப்படியாவது எழுதிவிட்டோம் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதி பண்பாட்டுக் காப்பு மொழியாக்கத் துணைக்குழு கூடும்வரை நீடித்தது.

துணைக்குழு, புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த பேரவை அறையில் கூடியது. தலைவர் சேதுபதி, செயலாளர் நூர்தீன், மகளிர் பிரதிநிதி ஹலீமா. நூர்தீன் பயணச்சீட்டு முகவர். எந்தச் சிக்கலையும் மாற்றுப் பாதையில் விட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். ஹலீமா ஓய்வுபெற்ற தமிழாசிரியை. மகளிர் பிரதிநிதியின் கடமை என்னவென்று அவர் சேர்ந்த புதிதில் கேட்டதற்கு, “இருப்பது” என்று சேதுபதி விளக்கியிருந்தார்.

முதலில் அரசியலைச் சீர்செய்தார்கள்.

“வேலைநிறுத்தம் என்ற சொல் வேண்டாம்” என்றார் சேதுபதி. “நம்ம ஊர்ல அப்படி ஒரு வழக்கமே இல்லை. பார்க்கிறவங்க பயந்துடுவாங்க.”

“ஆண்டு விழா ஒத்திகைன்னு போட்டுடலாம்” என்றார் நூர்தீன். “எல்லாரும் வாசல்ல கூட்டமா நின்னு கத்துறாங்க, பொருத்தமாத்தான் இருக்கும்.”

‘எங்கள் உடல் எந்திரம் அல்ல’ என்ற முழக்கம், ‘உடல்நலம் காப்போம், எந்திரமும் காப்போம்’ என்று ஆனது. தோழர் புரூனோவின் வசனங்களை மட்டும் சேதுபதி தொடவிடவில்லை. “பெண்கள் விஷயம் அப்புறம்னு சொல்றார் பாருங்க, அருமையான தலைவர். படத்துல பொறுப்பா பேசுற ஒரே ஆள்.”

அடுத்து ஆலைக் குளியலறைக் காட்சி. பெண்கள் நீராவிக்கு நடுவே தோள் தெரியக் குளிக்கிறார்கள். கேமரா அவசரமில்லாமல் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போகிறது. சேதுபதி இதை ஆய்வு நோக்கில் திரும்பப் போடச் சொன்னார். போட்டார்கள். இன்னும் தெளிவு வேண்டும் என்றார். போட்டார்கள்.

“தெளிவு வந்துருச்சா தலைவரே?” என்று ஹலீமா கேட்டார்.

“வந்துவிட்டது. இதில் வசனமே இல்லை. ஆகவே ஆட்சேபம் இல்லை. அடுத்தது.”

அடுத்தது மொட்டைமாடிக் காட்சி. மார்த்தாவும் எல்வீராவும் கை கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போர்த்திய சால்வைக்குள் ஒரு முத்தம். அப்புறம் அந்தப் பெயர் மறக்கும் வசனம்.

கீழே புடவைக் கடையில் யாரோ பட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

“இதை அனுமதிக்க முடியாது” என்றார் சேதுபதி.

“சும்மா உக்காந்துதானே இருக்காங்க?” என்றார் ஹலீமா. “முந்தின சீன்ல குளிச்சாங்களே, அதுக்கு ஒண்ணும் சொல்லலையே.”

“அம்மா, கண்ணால் பார்ப்பது வேறு. படம் இத்தாலிக்காரன் எடுத்தது, அவன் பாவம் அவனோடு. கீழே ஓடுகிற எழுத்து தமிழ். பார்ப்பதில் குற்றமே இல்லை. தமிழில் படிப்பதில்தான் இருக்கிறது.” இதைச் சொன்னதும் தான் ஒரு தத்துவத்தைச் சொல்லிவிட்டதாக அவருக்கே தோன்றி, நூர்தீனிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

ஆகவே இரண்டு பெண்களும் சொந்தக்காரர்களாக வேண்டும் என்று தீர்மானமானது. சொந்தத்துக்குள் எவ்வளவு பாசம் காட்டினாலும் பண்பாடு தாங்கும். என்ன சொந்தம் என்பதில்தான் இழுபறி. அக்கா தங்கை என்றார் நூர்தீன். முத்தக் காட்சி மறுபடி ஓடியதும் தானே அவசரமாக வாபஸ் வாங்கிக்கொண்டார். நாத்தனார் என்றார் சேதுபதி. “நாத்தனாருங்க இப்படி இருப்பாங்கன்னா ஒரு பொம்பளையும் நம்ப மாட்டா” என்று ஹலீமா சொன்னதும் அதுவும் விழுந்தது. சித்தி? வயது ஒத்துவரவில்லை. 

முத்துராமன் அதுவரை வாயைத் திறக்கவில்லை. ‘என் மகள் வருகிறாள்’ என்பது தொண்டையில் இருந்தது. ‘உள்ளபடியே விட்டுவிடுங்கள்’ என்பது அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சேதுபதி பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். முத்துராமன் வாயைத் திறந்தார்.

“அத்தை மகள்னு போட்டுடலாம் சார்.”

ஏன் அதைச் சொன்னோம் என்று பிறகு பலமுறை அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். கூட்டம் முடிந்தால் போதும் என்றுதான் சொன்னார். சாமர்த்தியமாக எதையோ உள்ளே கடத்தியதாக நினைத்துக்கொள்ளவும் ஆசைதான், மனசாட்சி ஒத்துக்கொள்ளவில்லை. துணைக்குழுவோ கைதட்டாத குறை. அத்தை மகள் என்பது கட்டிக்கொள்ளும் முறையாயிற்றே என்று அந்த அறையில் யாருக்கும் உறைக்கவில்லை. இரண்டு பெண்களுக்கு நடுவில் முறை என்று ஒன்று இருக்க முடியும் என்பதே அவர்கள் புத்திக்கு எட்டாதது.

வீட்டுக்குப் போய் முத்துராமன் தட்டச்சு செய்தார். ‘நீ இல்லாத வீட்டில் வேலை அதிகம், அத்தை மகளே.’ அடித்து முடித்ததும் திருடிவிட்டு வந்தவர் மாதிரி கையைக் கழுவினார். மகளை அழைத்து, ‘வரவேண்டாம்’ என்று சொல்ல நினைத்து, எண்ணை அழுத்தி, அவள் எடுத்ததும், “ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்” என்று வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அரங்கு நிறைந்தது. முத்துராமனின் அக்கா சரஸ்வதியும் கேலாங்கிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தம்பி பெயர் திரையில் வருவதைப் பார்க்கத்தான் வந்தார். அவருக்கு ரக்ஷனாமேல் பிரியம் அதிகம். தன் மகன் குமரனுக்குக் கேட்டு, நடக்காமல் போனதில் வருத்தமும் உண்டு. முத்துராமன் பின்வரிசையில் ஒதுங்கினார். இரண்டு வரிசை முன்னால் ரக்ஷனாவும் கண்மணியும். 

சேதுபதி தலைமையுரை ஆற்றினார். “இந்தப் பேரவையில் பெண்களுக்கு முழு உரிமை உண்டு. அதை எப்போது கொடுப்பது என்று ஆண்கள் நாங்கள் தொடர்ந்து ஆலோசித்து வருகிறோம்” என்றார். பலத்த கைதட்டல். மகளிர் பிரதிநிதியை மேடைக்கு அழைத்து, விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

படம் ஓடியது. ஆண்டு விழா ஒத்திகைக்காக முதலாளி ஏன் போலீசைக் கூப்பிடுகிறான் என்று சிலர் குழம்பினார்கள். குளியலறைக் காட்சியில் பண்பாட்டு அமைதி நிலவியது. மொட்டைமாடிக் காட்சி வந்தது. சால்வை, முத்தம். கீழே பெரிய தமிழ் எழுத்தில், ‘நீ இல்லாத வீட்டில் வேலை அதிகம், அத்தை மகளே.’

கண்மணியின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். ரக்ஷனா குலுங்கவில்லை. தலையைத் திருப்பவுமில்லை. அவளுடைய பின்கழுத்தை மட்டுமே பார்க்க முடிந்த முத்துராமனுக்கு, பின்கழுத்துக்குக்கூட முகபாவம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

முன்வரிசையில் வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது.

“யாரு அது, அக்காவா?” என்று ஒரு அம்மா கேட்டார்.

“அத்தை மகளாம். எழுதியிருக்கே” என்றார் சரஸ்வதி.

“அப்போ முறைதான்.”

“முறைதான். பாவம், ஆசையா இருக்குதுங்க.”

இந்தத் தகவல் வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. மார்த்தாவை ரயிலேற்றும்போது பல பேர் மூக்கை உறிஞ்சினார்கள். அரங்க விளக்குகள் எரிந்ததும் சேதுபதி நிறைவுரைக்கு எழுந்தார். பார்வையாளர் ஒருவர் முந்திக்கொண்டார்.

“தலைவரே, அத்தை மகள்னா கட்டிக்கிற முறைதானே? அப்புறம் ஏன் பிரிச்சாங்க?”

சேதுபதிக்கு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும் பயிற்சி உண்டு; கேள்வியைக் காதில் வாங்கும் பயிற்சிதான் கிடையாது. “அதுதான் மேலைநாட்டாரின் குறைபாடு!” என்றார் கணீரென்று. “நம் பண்பாட்டில் முறை என்றால் முறை. மனம் ஒத்துப்போய்விட்டால் யார் தடுத்தாலும் சேர்த்துவைப்போம். பிரிக்க மாட்டோம்!”

அன்றைய நாளின் மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான். ஹலீமா முக்காட்டு நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். உட்கார்ந்த சேதுபதி, கைதட்டல் வழக்கத்தைவிட நீளமாக இருப்பதைக் கவனித்து, நூர்தீன் பக்கம் சாய்ந்தார்.

“நான் என்னய்யா சொன்னேன்?”

“ரெண்டு பொண்ணுங்களுக்கும் கல்யாணம் பண்ணி வச்சிட்டீங்க தலைவரே.”

தேநீர் மேசைப் பக்கம் ரக்ஷனா அப்பாவைப் பிடித்தாள்.

“அத்தை மகளா, அப்பா?”

“துணைக்குழு சொல்லிச்சும்மா…”

“துணைக்குழுவா டைப் பண்ணுச்சு?”

முத்துராமன் கையிலிருந்த கறிபஃப்பைப் பார்த்தார்.

“விடு லா, ரக்ஷ்” என்றாள் கண்மணி. “அங்கிள், ஹானஸ்ட்லி, எனக்குப் பிடிச்சிருந்தது. இவ்ளோ பாட்டிங்க எங்களுக்காக அழுது நான் பார்த்ததே இல்லை.”

அவள் உண்மையாகவே சமாதானம் செய்கிறாள் என்பதுதான் முத்துராமனைக் குத்தியது. அதற்குள் சரஸ்வதி வந்துவிட்டார், கண் இன்னும் சிவந்திருந்தது.

“நல்ல படம்டா தம்பி. ஆனா அந்தப் பொண்ணோட அப்பன் இருக்கானே, வாசல்ல நின்னுக்கிட்டு! எல்லாம் தெரிஞ்சும் வாயைத் திறக்கலையே. முதலாளியைவிட அவன்தான் மோசம்.” பிறகு கண்மணியைப் பார்த்தார். “இந்தப் பொண்ணை எங்கேயோ பார்த்திருக்கேனே. பால் காய்ச்சுன அன்னைக்கு…”

“ரூம்மேட், அத்தை” என்றாள் ரக்ஷனா. “ரெண்டு பேருக்கும் செலவு மிச்சம் பாருங்க.”

கோபமே இல்லாமல் சொன்னாள். அப்பா சொல்லும்போது செய்கிற அந்தச் சின்னச் சிரிப்பைக்கூட விடவில்லை. அப்பாவைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுகிறாள். அதற்கு வேண்டிய வசனத்தை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

“இல்லக்கா” என்றார் முத்துராமன்.

மூன்று பெண்களும் அவரைப் பார்த்தார்கள்.

“ரூம்மேட் இல்ல. நான் பொய் சொன்னேன். ரக்ஷனாவும் கண்மணியும் சேர்ந்து வாழுறாங்க. புருஷன் பொண்டாட்டி வாழுற மாதிரி. படத்துல பார்த்தீங்களே, அந்த ரெண்டு பேர் மாதிரி.”

சரஸ்வதி கொஞ்சம் யோசித்தார். “படத்துல அத்தை மகள்தானே?”

“அத்தை மகளும் இல்லக்கா. அதுவும் நான் எழுதுனதுதான்.”

படம் பார்த்து வந்த இளக்கம் சரஸ்வதியின் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. தட்டை மேசையில் வைத்தார். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். “படம் வேற, வீடு வேறடா” என்றார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாசலைப் பார்த்து நடந்தார்.

அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சேதுபதி தொண்டையைச் செருமினார். “முத்துராமன், இதை நாம் துணைக்குழுவில் வைத்து—”

“டீ ஆறுது தலைவரே” என்று ஹலீமா ஒரு கோப்பையை அவர் கையில் திணித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

“இப்பவாப்பா?” என்றாள் ரக்ஷனா. “இவ்ளோ வருஷம் சும்மா இருந்துட்டு, கூட்டத்துல வச்சா? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கேட்கவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு ஒரு குற்றம், சொன்னதற்கு ஒரு குற்றம். முத்துராமன் இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றார். 

ரக்ஷனா கண்ணைத் துடைத்தாள். “அத்தை தனியா நிப்பாங்க. டாக்சி ஏத்திவிட்டுட்டு வாங்க. நாங்க போயிட மாட்டோம்.”

வெளியே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். விடுமுறை நாளில் வெளியே வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நடைபாதை முழுக்க நின்று கைபேசியில் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். சரஸ்வதி சாலையோரம் நின்றார். தம்பி வந்து பக்கத்தில் நின்றதும் அரை அடி தள்ளி நின்றுகொண்டார். ஒரு டாக்சி வந்தது. முத்துராமன் கதவைத் திறந்துவிட்டார். சரஸ்வதி ஏறி, புடவையை உள்ளே இழுத்துவிட்டுக்கொண்டு, நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்தார். கதவைச் சாத்தப் போனபோது உள்ளிருந்து குரல் வந்தது.

“அந்தப் பொண்ணு என்ன சாப்பிடும்?”

“எந்தப் பொண்ணு?”

“எந்தப் பொண்ணா? உன் வீட்டுப் பொண்ணு. சைவமா, மீன் கறி சாப்பிடுமா?”

முத்துராமன் யோசித்தார். பாசிர் ரிஸ் வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு தேநீரோடு, வேலை இருக்கிறது என்று எழுந்து வந்திருக்கிறார். ஒருநாள்கூட அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லை.

“தெரியலக்கா.”

சரஸ்வதி முதல்முறையாகத் தம்பியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அப்படிப் பார்த்ததற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

“தெரியாதா? இத்தனை வருஷமா?” என்றார். டிரைவர் பக்கம் குனிந்து, “அங்கிள், வெயிட் அ வைல், ஆ” என்றார். பிறகு தம்பியிடம், “போ. போய்க் கேட்டுட்டு வா. மீட்டர் ஓடட்டும்.”

முத்துராமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார்.